கசியாப் பொருத்து

தெஹிவளையிற் கடற்கரையோரமாகச் செல்லும் புகையிரதப் பாதை 1877 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. பாறையில் மோதிச் சிதறும் அலையின் உப்புத் துளிகள் அப்பாதையில் ஓடும் வண்டிகளின் சில்லுகளையும் தண்டவாளங்களையும் ஓயாது நனைக்கின்றன. வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை கடலை நோக்கிய வீடுகளிற் குடியிருப்போர், யன்னற் கம்பியிலும் வாயிற் படலையிலும் ஏறும் துருவோடு தலைமுறை தலைமுறையாகப் போராடி வருகின்றனர். இந்த உப்புக் காற்றின் நடுவே, பயணிகள் வண்டியின் சில்லும் அதன் அச்சும் ஆணியோ திருகோ பசையோ இன்றி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பல்லாண்டு சுழல்கின்றன என்பதை அவ்வண்டியிற் செல்வோருட் பலர் அறியார்.

சில்லின் நடுத்துளை அச்சின் பருமனிலும் மயிரிழை அளவு சிறியதாகக் கடையப்படுகின்றது. பின்னர், பல தொன் விசையுடைய நீரழுத்த யந்திரத்தினால் அச்சு அத்துளைக்குள் அழுத்திச் செலுத்தப்படுகின்றது. விரிந்த துளை சுருங்க முயல, நெரிந்த அச்சு விரிய முயல, இவ்விரண்டு முயற்சிகளுமே பிடியாகின்றன. இதனை அழுத்தப் பொருத்து எனலாம். அச்சுக்கும் சில்லுக்கும் இந்தப் பிடி ஒன்றே போதும். ஆயின், அதே முறையிற் பொருத்திய இரு உலோகத் துண்டுகளுக்கிடையே நீரோ எண்ணெயோ ஆவியோ அடங்கி நிற்க வேண்டுமாயின் கதை வேறாகின்றது. இறுகப் பிடித்தல் வேறு, ஒழுகாது காத்தல் வேறு. இவ்வேற்றுமையை மனிதர் உணர்ந்து கொள்ள ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் சென்றன. அந்த வரலாறு நீராவி யந்திரத்திற் தொடங்கிச் சமையலறைக் குழாயில் வந்து முடிவது.

இறுக்கிப் பொருத்தும் வித்தை நம் கிராமங்களுக்குப் புதியதன்று. மாட்டு வண்டிச் சில்லுக்கு இருப்புப் பட்டை போடும் நாளில் கம்மாலை முற்றம் திருவிழாக் கோலம் கொள்ளும். கொல்லர் பட்டையைச் சில்லின் சுற்றளவிலும் சற்றுக் குறைவாக வளைத்துப் பொருத்தி, வறட்டியும் சிரட்டையும் அடுக்கிய நெருப்பிலே சிவக்கக் காய்ச்சுவார். காய்ந்து விரிந்த பட்டையைக் குறடுகளாற் தூக்கி மரச் சில்லின்மீது இறக்கித் தட்டி, மரம் கருகுமுன் நீர் வார்ப்பார்கள். பட்டை குளிர்ந்து சுருங்கும்போது வட்டைகளும் ஆரக்கால்களும் குடமும் முனகிக்கொண்டு ஒன்றோடொன்று நெருங்கும். எவ்வளவு குறைத்து வளைப்பது என்பதிற்றான் கொல்லரின் அனுபவம் இருந்தது. குறைவு போதாதாயின் வெயிற் காலத்திற் பட்டை கழன்றுவிடும். மிகுந்தால் ஆரக்கால் வளைந்துவிடும். கணக்கு ஏதும் எழுதாமல் அவர் கண்ட இந்த அளவை, பிற்காலத்திற் பிரான்சிய அறிஞர் கபிரியேல் லாமே 1830களிற் சூத்திரங்களாக எழுதினார். இங்கிலாந்தில் வில்லியம் ஆம்ஸ்ட்ரோங் 1850களிற் பீரங்கிக் குழல்களின்மீது இரும்பு வளையங்களைக் காய்ச்சி இறுக்கியதும் வண்டிப் பட்டையின் தத்துவமேயாகும்.

பீப்பாவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கொழும்புத் துறைமுகத்திலிருந்து தேங்காயெண்ணெயும் சாராயமும் பென்சிற்கரியும் ஒரு காலத்தில் மரப் பீப்பாக்களிலே ஏற்றுமதியாயின. வளையத்தைத் தட்டி இறக்க இறக்கப் பலகைகள் நெருங்கும். ஆனால் வளையத்தின் இறுக்கம் மட்டும் எண்ணெயைக் காக்கவில்லை. பலகை தானே ஊறிப் பருத்து, தன்னிடையுள்ள நுண்ணிய வெளிகளை அடைத்துக்கொண்டது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று. மரம் செய்த இவ்வுதவியை உலோகம் செய்வதில்லை. உலோகத்தோடு உலோகம் பொருந்தத் தொடங்கியபோதே கசிவு என்னும் பகை முழு உருவில் வெளிப்பட்டது.

யேம்ஸ் உவாட்டு நீராவி யந்திரத்தைத் திருத்தியமைக்க முற்பட்டபோது அவரை வாட்டியது அறிவியற் தத்துவம் அன்று. உருளையின் சுவருக்கும் அதனுள் ஏறி இறங்கும் முசலத்துக்கும் இடையே ஆவி ஒழுகியமையே. அவருக்குக் கிடைத்த உருளை வட்டமாகவே இருக்கவில்லை. தக்கை, எண்ணெயில் ஊறிய கந்தை, பழைய தொப்பித் துணி, குதிரைச் சாணம் முதலியவற்றையெல்லாம் அவ்விடைவெளியில் திணித்துப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. யோன் உவில்க்கின்சன் என்னும் இரும்பாலை முதலாளி பீரங்கிக் குழல் துளைப்பதற்கென 1774 இல் உரிமை பெற்ற யந்திரமே அவரைக் காப்பாற்றியது. அம்முறையின் வழியிற் குடைந்த உருளை ஒரு பழைய நாணயத்தின் தடிப்பளவும் பிழையாதிருந்தது என உவாட்டின் கூட்டாளி வியந்தார். இன்று அந்தப் பிழையைக் கண்டால் ஒரு தொழிற்பயிலுநரே நகைப்பார். எனினும், அன்றைய தாழ்ந்த அழுத்தத்துக்கு அது போதியதாயிற்று.

அழுத்தம் உயர்ந்தபோது அது போதவில்லை. யோசப் பிராமா என்னும் யோர்க்சயர் வாசி முதலிற் தளபாடத் தச்சர். பின்னர் எவராலும் திறக்கலாகாத பூட்டுச் செய்து புகழ் பெற்றவர். நீரழுத்த யந்திரத்திற்கு அவர் 1795 இல் உரிமைப் பத்திரம் பெற்றார். அடைபட்ட நீரில் ஓரிடத்தில் ஏற்படும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்பதை அதற்கு ஒரு நூற்றாண்டின் முன்னரே பாசுக்கால் கூறியிருந்தார். தத்துவம் தெளிவு, கணக்கும் சரி, யந்திரம் மட்டும் ஒழுகிற்று. பெரிய முசலத்தைச் சுற்றி உறுதியாக அடைப்பு வைத்தால் நீர் நின்றது. ஆனால் ஏறிய முசலம் மீண்டும் இறங்க மறுத்தது. அடைப்பைத் தளர்த்தினால் முசலம் இறங்கிற்று. நீரும் உடன் ஒழுகிற்று. இறுக்கினாலும் கேடு, தளர்த்தினாலும் கேடு என்னும் இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை அது.

பிராமாவின் தொழிற்சாலையில் என்றி மோட்சிலி என்னும் இளைஞர் இருந்தார். பன்னிரண்டாம் வயதிலே படைக்கலச் சாலையில் வேலைக்குச் சென்று, கொல்லுலையில் வளர்ந்து, பதினெட்டாம் வயதிற் பிராமாவிடம் சேர்ந்தவர். அடைப்புக்குத் தோலினாற் கிண்ணம் போன்ற வளையமொன்றைச் செய்து, அதன் வாய் நீரை நோக்கி இருக்குமாறு வைத்தவர் அவரே என்று சாமுவேல் சிமைல்சு என்னும் ஆசிரியர் 1863 இல் வெளியிட்ட நூலிற் கூறுகின்றார். நீரின் அழுத்தம் ஏற ஏற, அந்நீரே தோலின் உதட்டை விரித்து முசலத்தின்மீதும் சுவரின்மீதும் அழுத்தும். அழுத்தம் நீங்கியவுடன் தோல் தளர்ந்து முசலத்தை விடுவிக்கும். ஒழுக முயலும் நீரையே காவலாளியாக்கிய இந்த உபாயத்திலும் சிறந்ததொன்றைக் கசிவின் வரலாற்றிற் காண்பதரிது. இதற்கான பெருமை வேறொருவர்க்கே உரியது என்பாரும் உளர். எவ்வாறாயினும் உரிமைப் பத்திரத்திற் பெயர் பொறிக்கப்பெற்றவர் பிராமா. வாரம் 30 சிலிங் பெற்ற மோட்சிலி, குடும்பம் பெருகியதாற் கூலியை உயர்த்தும்படி கேட்டார், மறுக்கப்பட்டார், 1797 இல் வெளியேறினார். அவர் தனியே தொடங்கிய பட்டறையிலிருந்தே அடுத்த தலைமுறையின் தலைசிறந்த பொறியியலாளர் பலர் வெளிவந்தனர் என்பதைப் பிராமா எவ்வாறு எடுத்துக்கொண்டாரோ!

அவ்வாறு வந்தவருள் ஒருவர் யோசப் உவிட்வேர்து. தட்டையான தளம் என்பது யாது, அதனைச் செய்வது எவ்வாறு என்று 1840 இல் அறிஞர் சபையொன்றில் அவர் விரித்துரைத்தார். இரு தளங்களை ஒன்றோடொன்று உரைத்தால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் பொருந்திவிடக்கூடும். மூன்று தளங்களை மாறி மாறி ஒப்பிட்டுச் சுரண்டினாலொழிய உண்மைத் தட்டை கிட்டாது என்பதே அம்முறையின் உட்கருத்து. அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை அளக்கும் கருவியையும் அவர் பிற்பாடு அமைத்துக் காட்டினார். பொருத்து என்பது கொல்லரின் கைப்பழக்கம் என்ற நிலை மாறி, எண்ணாற் சொல்லத்தக்க ஒன்றாயிற்று. இன்று ஓரங்குலப் பருமனுள்ள அச்சுக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இறுக்கம் வைக்கின்றார்கள். தலைமயிரின் தடிப்பு அதனிலும் இரண்டு மூன்று மடங்காகும்.

இவ்வளவு நுட்பமாகக் கடைந்த பின்னும் கசிவு ஏன் ஏற்படுகின்றது? எத்துணை மினுக்கிய உலோகமும் உருப்பெருக்கியின் கீழ் மலையும் பள்ளத்தாக்குமாகவே தோன்றும். இரண்டு தளங்கள் நெருங்கும்போது மலைகள் மட்டும் மோதிக்கொள்கின்றன. பள்ளத்தாக்குகள் ஒன்றோடொன்று தொடர்ந்து வழியாகின்றன. பிடிப்பதற்கு மலைகளின் மோதல் போதும். ஒழுகுவதற்கோ ஓர் ஒற்றையடிப் பாதை போதும். அழுத்திச் செலுத்தும்போது அச்சின் நீளவாக்கில் ஒரு கீறல் விழுமாயின், மற்றெல்லா இடமும் பூரணமாகப் பொருந்தியிருப்பினும் அக்கீறல் வழியே நீர் வெளிவரும். வட்டமாகச் சுற்றிச் செல்லும் கடைசற் கோடுகள் அத்துணைத் தீங்கு செய்வதில்லை. ஊரைச் சுற்றிச் செல்லும் வீதியால் எவரும் ஊரைக் கடந்துவிட முடியாதல்லவா?

இந்த இடத்திலே கறையில்லா உருக்கு என்னும் பொருள் வரலாற்றுள் நுழைகின்றது. வீடுகளில் எவர்சில்வர் என வழங்குவதும் அதுவே. அதன் பூர்வ கதையில் ஈழமும் தமிழகமும் கலந்திருப்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டனர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிச் செய்த உருக்கு, ஊட்சு என்ற பெயருடன் ஐரோப்பாவை அடைந்தது. அப்பெயரே உக்கு, உருக்கு என்னும் தென்மொழிச் சொற்களின் திரிபென்பர். அதன் இரகசியத்தை அறியும் ஆவலினாலேயே மைக்கேல் பரடே என்னும் இளம் விஞ்ஞானி, யேம்ஸ் தோடாட்டு என்னும் கத்தி செய்வோருடன் சேர்ந்து, உருக்குடன் பல உலோகங்களைக் கலந்து பரிசோதித்து 1820 இலும் 1822 இலும் முடிவுகளை வெளியிட்டார். அவர் கலந்தவற்றுட் குரோமியமும் ஒன்று. மின்னியலிற் பெரும் புகழ் அவரை அழைத்துச் சென்றதால் அந்த ஆராய்ச்சி பாதியில் நின்றது.

இலங்கையின் பங்கு இன்னும் பழையது. சமனலவாவிப் பிரதேசத்தில் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய இரும்புலைகள் இருந்தன என்பதை கில் யூலெவ் என்னும் தொல்லியலாளர் கண்டறிந்து 1996 இல் வெளியிட்டார். அவை கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அக்கைத்தொழிலின் கடைசிச் சுவடுகளைக் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி நேரிற் கண்டு, 1908 இல் வெளியான தமது பெருநூலிற் பதிவு செய்தார். கலைஞராக மட்டும் அவரை எண்ணுவோர், அவர் முதலில் இந்நாட்டின் கனிப்பொருள் அளவைப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் என்பதை நினைத்தல் வேண்டும். அவர் பிறந்ததும் 1877; கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டதும் 1877. அந்நூதனசாலையிற் சேர்த்து வைத்த பழைய இரும்புப் பொருள்களை இங்கிலாந்தின் புகழ்பெற்ற உருக்கு நிபுணர் சேர் இராபேட்டு ஆட்பீல்டு ஆராய்ந்து 1912 இற் கட்டுரை வெளியிட்டார். சிகிரியாவிற் கிடைத்த உளியும் அவற்றுள் ஒன்று.

இதே ஆட்பீல்டு 1892 இற் குரோமியம் கலந்த உருக்கை ஆராய்ந்து, குரோமியம் அரிப்பைத் தடுப்பதற்குப் பதிலாகக் கூட்டுகின்றது என்று முடிவு செய்தவர்! செறிந்த கந்தக அமிலத்தில் இட்டுப் பார்த்ததே அவர் செய்த பிழை. கடற்காற்றும் நீரும் செய்யும் அரிப்பு ஒரு வகை, கந்தக அமிலம் செய்யும் அரிப்பு வேறொரு வகை. தவறான சோதனையிற் பெற்ற சரியான விடை எவ்வளவு காலத்தை வீணாக்கும் என்பதற்கு இதனிலும் நல்ல எடுத்துக்காட்டில்லை. அதன்பின் 20 ஆண்டுகளுக்கு மேல் உலகம் காத்திருந்தது. செபீல்டு நகரில் உருக்குத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, கல்லூரி வாயிலைக் காணாமலே இரசாயனம் கற்ற ஆரி பிறியளி, துப்பாக்கிக் குழல்களின் தேய்வைக் குறைக்கும் வழி தேடி 1913 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் 12.8 விழுக்காடு குரோமியம் கொண்ட உருக்கொன்றை வார்ப்பித்தார். அதன் மேற்பரப்பை அமிலத்தால் அரித்து ஆராய முயன்றபோது அது அரிபடாது நின்றது. கத்திக்கு உகந்த உருக்கு என அவர் கூறியதை முதலாளிகள் செவிமடுக்கவில்லை. வினாகிரியில் இட்டுப் பார்த்த கத்தித் தொழிற்சாலை முகாமையாளர் ஒருவரே கறையில்லாதது என்னும் பெயரை அதற்குச் சூட்டினார். யேர்மனியில் மௌரரும் சுதிராசும் நிக்கலும் சேர்த்துச் செய்த இனத்துக்கு 1912 இலேயே உரிமை கோரியிருந்தனர். இன்று குழாய்களும் பாத்திரங்களும் பெரும்பாலும் அவ்வினத்தனவே.

குரோமியம் பத்தரை விழுக்காட்டுக்கு மேற் சேர்ந்தால், உருக்கின்மீது கண்ணுக்குத் தெரியாத குரோமிய ஒட்சைட்டுப் படலமொன்று தானே உண்டாகின்றது. கீறப்பட்டாலும் காற்றுப் பட்டவுடன் மீண்டும் வளர்ந்துவிடும். துருவைத் தடுப்பது இப்படலமே. விந்தை யாதெனில், அழுத்தப் பொருத்திற் கறையில்லா உருக்கைத் தொல்லை மிகுந்த பொருளாக்குவதும் இதுவே. ஒரு கறையில்லா உருக்குத் தண்டை மற்றொரு கறையில்லா உருக்குத் துளைக்குள் அழுத்திச் செலுத்தும்போது, உராய்வினாற் படலம் இரு புறமும் கிழிகின்றது. உள்ளே காற்று இல்லை. ஆகவே புதுப் படலம் வளரவும் வழியில்லை. வெறும் உலோகமும் வெறும் உலோகமும் முகத்தோடு முகம் சந்தித்து அங்கேயே ஒட்டிவிடுகின்றன. ஒட்டிய துணுக்குப் பிய்ந்து, முன்னே இழுபட்டு, நீளவாக்கில் உழவுச் சால் போன்ற கீறலை இழுத்துச் செல்கின்றது. மேலே கூறிய ஒற்றையடிப் பாதை இவ்வாறு திறக்கின்றது. வலிமையோடு அழுத்தினாற் கசிவு நிற்கும் என எண்ணி மேலும் இறுக்குவோர் கீறலை ஆழமாக்குவதன்றி வேறொன்றும் சாதிப்பதில்லை.

பட்டறைகள் இதற்குக் கண்ட பரிகாரங்கள் அனுபவத்தில் விளைந்தவை. தண்டின் முனையைக் கூராக்காது சிறிய சரிவாகக் கடைந்து மினுக்குவர். இரு துண்டுகளையும் ஒரே வன்மையுள்ளனவாக வைக்காது ஒன்றை மற்றதினும் வன்மையாக்குவர். உலர்ந்த நிலையில் அழுத்தாது, உகந்த மசகு இடுவர். இவ்விடத்தில் இலங்கையின் புகழ்பெற்ற பென்சிற்கரியை மசகாக இட முற்படுவோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். கடல் நீர் படும் இடத்திற் பென்சிற்கரி பட்ட உருக்கு மின்கலம்போற் தொழிற்பட்டு விரைவில் அரிக்கப்படும். இன்னொரு வழி அழுத்தாமலே பொருத்துவது. திரவ நைதரசனில், அதாவது பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையில், தண்டை அமிழ்த்திச் சுருங்கச் செய்து, உராயாமற் துளையில் வைத்துவிட்டால் அது வெப்பநிலை ஏறத் தானே விரிந்து இறுகும். வண்டிப் பட்டை போட்ட கொல்லர் வெளித் துண்டைக் காய்ச்சினார். இவர்கள் உட் துண்டைக் குளிர்விக்கின்றனர். வேறுபாடு அவ்வளவே. நிக்கல் சேர்ந்த கறையில்லா உருக்கு, சாதாரண உருக்கிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும் இயல்பினது. சாதாரண உருக்குத் தண்டின்மீது கறையில்லா உருக்கு வளையத்தை இறுக்கினால், சூடேறும்போது வளையம் தண்டை முந்தி விரிந்து பிடியைத் தளர்த்திவிடும். குளிர்ந்த பட்டறையிற் கசியாத பொருத்து, கொதிநீர் பாயும்போது கசிவதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு முயன்றாலும் உலோகத்தோடு உலோகம் மட்டும் நீரை முற்றாகத் தடுக்காது என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே நிலைத்த பரிகாரங்கள் கிட்டின. அவற்றுள் ஒன்று இறப்பர் வளையம். தென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறி, திராம் வண்டிகளின் தடுப்புகளைச் செய்து வந்த நீல்சு கிறித்தென்சன், முதுமையில் 1930களில் ஓர் உண்மையைக் கண்டார். வட்டமான இறப்பர் வளையத்தைச் சரியான அகலமுள்ள பள்ளத்தில் இட்டால், அழுத்தம் அதனை ஒரு புறம் உருட்டி நெருக்கி வழியை அடைக்கும். அவர் 1937 இல் விண்ணப்பித்தபோது வயது 72. உரிமை 1939 இற் கிடைத்தது. மோட்சிலியின் தோற் கிண்ணம் செய்ததையே இறப்பர் வளையமும் செய்கின்றது. அதன் வலிமை அதன் இளக்கத்தில் உள்ளது. இளக்கம் போனாற் காவலும் போயிற்று. 1986 சனவரி 28 ஆம் நாள், குளிர் மிகுந்த காலையில் ஏவப்பட்ட சலஞ்சர் விண்ணோடத்தின் உந்துகணைப் பொருத்திலிருந்த வளையங்கள் குளிரால் விறைத்து உடன் இளகாமையால், எரிவாயு கசிந்து ஓடம் சிதறி ஏழு பேரும் மாண்டனர். குளிர் பற்றிப் பொறியியலாளர் சிலர் முதல் நாளிரவே எச்சரித்திருந்தனர். விசாரணையின்போது பெளதிகவியலாளர் இறிச்சாட் பெயின்மன் அவ்விறப்பர்த் துண்டொன்றைப் பனிநீரில் அமிழ்த்தி, அது விறைத்ததை எல்லோரும் காணக் காட்டினார்.

மற்றப் பரிகாரம் இரசாயனத்தினின்று வந்தது. அமெரிக்காவின் ஆட்போட்டு நகரிற் கல்லூரிப் பேராசிரியராயிருந்த வேர்ணன் கிறீபிள் 1953 இல் ஒரு விசித்திரத் திரவத்தைச் செய்தார். காற்றுப் படும் வரை திரவமாகவே இருந்து, காற்றில்லாத இறுக்கமான இடைவெளியில் உலோகத்தைத் தொட்டவுடன் கட்டியாகும் திரவம் அது. இறுகிய பொருத்தின் பள்ளத்தாக்குகளைத் தேடிச் சென்று அடைப்பதற்கு இதனினும் ஏற்றது எது? அழுத்துமுன் தண்டிற் பூசிவிட்டால் அதுவே மசகுமாகின்றது. பின்னர் அதுவே அடைப்புமாகின்றது. 1956 இல் இது லொக்டைட்டு என்ற பெயரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆயின் கறையில்லா உருக்கு இங்கும் தன் குணத்தைக் காட்டிற்று. இத்திரவம் கட்டியாவதற்கு இரும்பு அல்லது செம்பின் அயன்கள் வேண்டும். ஒட்சைட்டுப் படலம் போர்த்திய உருக்கு அவற்றை எளிதில் வழங்குவதில்லை. ஆகவே, எண்ணெய்ப் பிசுக்கை அறவே துடைத்து, செம்புச் சேர்வை கொண்ட தூண்டுபொருளை முதலிற் தடவி, கட்டியாகும் வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நீரைத் திறந்துவிடுபவர், அடைப்புத் திரவத்தை நீரோடு ஒழுகவிட்டு, மருந்தைக் குறை கூறுவர்.

கடலோரங்களில் இன்னுமொரு பகை உண்டு. ஒழுகாது போனாலும் பொருத்தின் வாயில் உப்புநீர் புகுந்து தேங்கலாம். அச்சிறு பிளவில் ஒட்சிசன் குறைய, படலம் மீள வளராது. குளோரைட்டு அதனைத் தின்னத் தொடங்கும். வெளியே பளபளப்பு மாறாத உருக்கு உள்ளே குழிவிழுந்து கிடக்கும். மொலித்தெனம் சேர்ந்த உயர்ந்த இனம் இதனை நெடுங்காலம் தாங்கும். எனினும், பிளவின் வாயை அடைத்து நீர் புகாது செய்தலே முதற் காப்பாகும். தெஹிவளையின் உப்புக் காற்றில் இது ஏட்டுச் செய்தியன்று.

இத்தனை நுட்பமும் ஒரு நகரத்துக்கு எவ்வகையிற் பயன்படும் என்பதற்குக் கொழும்பின் குடிநீரே சான்று. கிணறுகளை நம்பியிருந்த கொழும்புக்கு 1886 இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து வார்ப்பிரும்புக் குழாய் வழியே நீர் வந்தது. அக்காலக் குழாய்களைப் பொருத்தியது எவ்வாறெனின், ஒரு குழாயின் முனையை அடுத்ததன் அகன்ற வாயில் நுழைத்து, சணற் புரியைத் திணித்து, உருகிய ஈயத்தை வார்த்து, உளியால் அடித்து நெருக்குவர். 1785 இல் இலண்டன் நீர்க் கம்பெனியொன்றின் பொறியியலாளரான தோமசு சிம்சன் புகுத்திய முறை அது. ஈயம் மென்மையானது, மண் சற்று அசைந்தால் ஓரளவு இணங்கும். ஆனால் ஒரு முறை விலகியது மீண்டும் தானே நெருங்காது. மேலே வண்டிகள் பெருகி, மண் அதிர்ந்து, நூறாண்டு சென்றபின் பொருத்துகள் ஒவ்வொன்றாய்க் கசியலாயின. 2012 ஆம் ஆண்டளவில், கொழும்பு நகருக்குள் விடப்பட்ட நீரில் ஏறத்தாழ அரைவாசி கணக்கில் வராது போயிற்று. அதில் அளவின்றிக் கொடுக்கப்பட்டதும் களவாய் எடுக்கப்பட்டதும் உண்டெனினும், மண்ணிற் கசிந்தது பெரும் பங்கு. மலையிற் தேக்கி, வடித்து, மருந்திட்டு, பம்பி அனுப்பிய நீர் அது. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிற் பொதுக் குழாயடியிற் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களின் காலடியிலேயே, அவர்கள் காத்திருந்த நீர் நிலத்தடியில் ஓடிக்கொண்டிருந்தது எனலாம். பழைய குழாய்களை மாற்றி இழப்பை 18 விழுக்காட்டுக்குக் குறைப்பதென ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுடன் அவ்வாண்டிலே பெருந்திட்டமொன்று வகுக்கப்பட்டது.

இதே நோயை டோக்கியோ நகரம் வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டது. 1980 அளவில் அந்நகரின் நீரில் ஏறத்தாழ 15 விழுக்காடு கசிந்து போயிற்று. எங்கே கசிகின்றதென ஆராய்ந்தபோது, குற்றவாளி பெருங் குழாயன்று, வீதியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் சிறு குழாயே எனத் தெரிந்தது. ஈயக் குழாய்களை அகற்றி, மொலித்தெனம் சேர்ந்த கறையில்லா உருக்குக் குழாய்களை இடத் தொடங்கினர். சில ஆண்டுகளுள் வேறொரு விடயமும் புலனாயிற்று. குழாய் கசியவில்லை, வளைவுகளிற் போட்ட பொருத்துகளே கசிந்தன. ஆகவே, குழாயிலேயே இடையிடையே அலையலையான மடிப்புகளை அமைத்து, கையால் வளைக்கக்கூடியதாக்கி, ஒரு வீட்டுக்குத் தேவையான பொருத்துகளின் எண்ணிக்கையையே குறைத்துவிட்டனர். நிலநடுக்கத்திலும் அது வளைந்து கொடுத்தது. 2013 அளவிற் கசிவு 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று.

எஞ்சிய கசிவைத் தேடும் பணி மட்டும் பழைய முறையிலேயே நடைபெறுகின்றது. நகரின் இரைச்சல் அடங்கிய நள்ளிரவில், நீர் வழங்கற் பகுதியார் நீண்ட இரும்புக் கோலின் ஒரு முனையைக் குழாயின் மீதும் மறு முனையைக் காதிலும் வைத்து வீதி வீதியாக நடந்து செல்வர். நல்ல பொருத்து ஓசை தராது. கசியும் பொருத்தோ மெல்லச் சீறும். அதன்மேல் வெண்சுண்ணத்தால் ஒரு வட்டமிட்டுவிட்டு அவர்கள் அடுத்த பொருத்துக்கு நகர்வர்.